சான்டி கஸோர்லா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின் கால்பந்தின் நடுக்கள வீரர்கள் என்றதும் ஜாவி, இனியெஸ்டா, புஸ்கெட்ஸ் என்று மூன்று பெயர்கள் வரிசையாக வந்துவிடும். சான்டி கஸோர்லாவின் பெயர் வர இன்னும் நாலைந்து பெயர்களைத் தாண்ட வேண்டும். அவர் ஆடிய காலம் அப்படி. அவரைத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் கணுக்கால் காயத்தை மட்டும்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அந்தக் காயம் கதையின் நடுப்பகுதி. சம்பளம் கொடுக்கக் காசில்லாத ஒரு கிளப்பை விட்டுப் பதினெட்டு வயதில் கிளம்பிய பையன், நாற்பது வயதில் அதே கிளப்பை முதல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்டதுதான் முழுக் கதை. கால்பந்து நண்பர்கள் அவரைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் தருகிறேன்.

கஸோர்லா எந்த ஊர்க்காரர்?

ஸ்பெயினின் வடக்கே மலையும் மழையும் கடலுமாக இருக்கும் அஸ்தூரியாஸ் பகுதிக்காரர். ஒவியெடோ நகரத்தை ஒட்டிய யானெராவில் 1984 டிசம்பர் 13 அன்று பிறந்தார். முழுப் பெயர் சான்டியாகோ கஸோர்லா கொன்சாலெஸ். உயரம் ஐந்தரை அடிதான். சிறுவனாக இருக்கும்போதே ரியல் ஒவியெடோவின் இளையோர் அணியில் சேர்ந்துவிட்டார். ஹுவான் மாட்டாவும் மிச்சுவும் அதே கிளப்பில் இருந்து வந்தவர்கள். டேவிட் வியாவும் அதே மண்ணைச் சேர்ந்தவர்தான். ஆனால் அவர் வளர்ந்தது ஒவியெடோவின் பரம எதிரியான ஸ்போர்ட்டிங் ஹிஹோனில்.

ஒவியெடோவின் முதல் அணியில் ஆடாமலே ஏன் கிளம்பினார்?

கிளப்பிடம் காசு இல்லை. 2001இல் முதல் டிவிஷனில் இருந்து இறங்கிய ஒவியெடோ, 2003இல் இரண்டாம் டிவிஷனில் இருந்தும் இறங்கியது. வீரர்களின் சம்பள பாக்கியைத் தீர்க்க முடியாததால் அதே கோடையில் இன்னொரு படி கீழே, நான்காம் அடுக்குக்குத் தள்ளினார்கள். பார்சிலோனாவோடும் ரியல் மாட்ரிட்டோடும் ஆடிய அணி இரண்டே ஆண்டில் கிராமத்து மைதானங்களுக்கு வந்து சேர்ந்தது. அந்த நிலையில் இளையோர் அணிப் பையன்களுக்கு யார் வழிகாட்டுவார்கள்? கஸோர்லாவை வில்லாரியல் அழைத்தது, போனார். ஒவியெடோவின் நீலச் சட்டையில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் போக வேண்டியிருந்தது. பின்னால் நடந்ததையெல்லாம் இதை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வில்லாரியல் ஏன் அவரை ஒருமுறை விற்றுவிட்டுத் திரும்ப வாங்கியது?

2006இல் ரெக்ரியாட்டிவோ டி ஹுவெல்வாவுக்கு விற்றார்கள். வேண்டுமானால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு விற்றது வில்லாரியலின் சாமர்த்தியம். ரெக்ரியாட்டிவோ 1889இல் தொடங்கிய, ஸ்பெயினிலேயே பழைய கிளப். அந்தப் பருவத்தில்தான் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்திருந்தது. எல்லோரும் திரும்ப இறங்கிவிடும் என்று நினைத்த அணி எட்டாம் இடம் பிடித்தது, ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானமான பெர்னபேயுவில் 3-0 என்று வென்றது. அந்த ஆண்டின் சிறந்த ஸ்பானிய வீரர் விருதை டான் பாலோன் பத்திரிகை கஸோர்லாவுக்குக் கொடுத்தது. வில்லாரியல் உடனே திரும்ப வாங்கிக்கொண்டது. அடுத்த பருவத்தில், 2007-08இல், அது லீக்கில் இரண்டாம் இடம் வந்தது.

மலாகாவில் ஒரே ஆண்டுதான் இருந்தார், ஏன்?

இங்கேயும் காசுதான். 2011இல் கத்தார் முதலாளி பணத்தைக் கொட்டி அணி கட்டினார். கஸோர்லாவை வாங்க மலாகா அதுவரை எந்த வீரருக்கும் கொடுக்காத தொகையைக் கொடுத்தது. அவரும் ஏமாற்றவில்லை. அணி நான்காம் இடம் வந்து வரலாற்றில் முதல்முறையாக, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது. அதற்குள் பண வரத்து நின்றுவிட்டது, பாக்கி ஏறியது, வீரர்களை விற்க வேண்டியதாயிற்று. 2012 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஆர்செனல் அவரை வாங்கியது. தன் தவறு எதுவும் இல்லாமல், கிளப்பின் கஜானா காலியானதால் அவர் இடம்பெயர்ந்தது இது இரண்டாம் முறை.

வலது கால் ஆட்டக்காரரா, இடது கால் ஆட்டக்காரரா?

இந்தக் கேள்விக்கு அவரோடு ஆடியவர்களே தடுமாறுவார்கள். பிறவியில் வலது கால்தான். இடதையும் அதே அளவுக்குப் பழக்கிக்கொண்டார். இரண்டு காலாலும் பாஸ் கொடுக்கும் வீரர்கள் நிறைய இருக்கிறார்கள். அசையாமல் கிடக்கும் பந்தை இரண்டு காலாலும் அடிப்பவர்கள் மிகக் குறைவு. கஸோர்லா ஒரு பக்கக் கார்னரை வலது காலால் எடுப்பார், ஓடிப்போய் மறுபக்கக் கார்னரை இடது காலால் எடுப்பார். இரண்டும் கோல் பக்கமாகவே வளைந்து வரும். ஃப்ரீ கிக்கிலும் இப்படித்தான். எந்தப் பக்கமிருந்து வளைக்கப்போகிறார் என்று கோல்கீப்பருக்குக் கடைசிவரை தெரியாது.

ஆட்டத்தின் நடுவே இதன் பலன் இன்னும் அதிகம். பெனால்டி பகுதிக்கு வெளியே பந்தை வாங்கி வலது காலால் அடிப்பதுபோல் காலை ஓங்குவார். தடுப்பவர் குறுக்கே விழுவார். பந்து அதற்குள் இடது காலுக்குப் போயிருக்கும். மற்றவர்களிடம் இந்த ஏமாற்று ஒரு பக்கம்தான் செல்லும். பலமில்லாத காலுக்குத் தள்ளிவிட்டால் போதும் என்று தடுப்பவருக்குத் தெரியும். கஸோர்லாவிடம் தள்ளிவிட அப்படி ஒரு பக்கமே கிடையாது. அதனால்தான் அவரைச் சுற்றி இரண்டு பேர் நெருக்கி நின்றபோதும் பந்தைப் பறிகொடுக்காமல் திரும்பி வெளியே வந்தார். வேகத்தை நம்பி ஆடியவராக இருந்திருந்தால் கணுக்கால் போனபின் அவருக்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது. இந்தத் திறமை மிஞ்சியது, முதுமை வரை சோறு போட்டது.

ஆர்செனலில் எந்த இடத்தில் ஆடினார்?

எல்லா இடத்திலும் என்றே சொல்லலாம். முதல் பருவத்தில் முன்களத்துக்குப் பின்னால் பத்தாம் எண் ஆட்டக்காரராக இறங்கினார். லீக்கின் 38 ஆட்டங்களிலும் ஆடி 12 கோல் அடித்தார். அதில் ரெடிங் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று. அந்த ஆண்டின் சிறந்த ஆர்செனல் வீரராக ரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2013இல் மெசுட் ஓசில் வந்ததும் இடது ஓரத்துக்குப் போனார், முணுமுணுக்கவில்லை.

அவருடைய உண்மையான இடத்தைப் பயிற்சியாளர் வெங்கர் கண்டுபிடித்தது 2014-15இல். சார்ல்டன் கிளப்புக்குத் தற்காலிகமாகக் கடனாகக் கொடுக்கப்பட்டிருந்த பிரான்சிஸ் கோக்லான் திரும்பி வந்தார். அவரைப் பக்கத்தில் காவலுக்கு வைத்துவிட்டு, கஸோர்லாவைப் பின்னால் இறக்கி நடுக்களத்தின் ஆழத்தில் நிறுத்தினார். தடுப்பாட்டக்காரர்களிடமிருந்து பந்தை வாங்கி, நெருக்கடியில் இருந்து வெளியே கொண்டுவந்து, முன்னால் கொடுப்பது அவர் வேலை. 2015 ஜனவரி 18 அன்று மான்செஸ்டர் சிட்டியை அதன் சொந்த மைதானத்தில் 2-0 என்று வென்ற ஆட்டம் இதற்குச் சரியான சாட்சி. பெனால்டியில் முதல் கோல் அவருடையது. ஒலிவியே ஜிரூவின் தலைக்குப் போய் இரண்டாவது கோலான ஃப்ரீ கிக்கும் அவருடையது. அந்த இரண்டையும்விட, சிட்டியின் நடுக்களத்தை அன்று அவர் சுற்றிச் சுற்றி வந்த விதம்தான் எனக்குப் பெரிது.

ஆர்செனலின் கோப்பை வறட்சியை முடித்தது கஸோர்லாவா?

தனியாளாக என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இல்லாமல் முடிந்திருக்காது. 2005க்குப் பிறகு ஆர்செனல் ஒரு கோப்பையும் தொடவில்லை. 2014 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் விகன் அணியோடு பெனால்டி வரை போனபோது வெற்றியை உறுதிசெய்த உதையை அடித்தவர் கஸோர்லா. மே 17 அன்று வெம்பிளியில் இறுதியாட்டம். எட்டு நிமிடத்துக்குள் ஹல் சிட்டி இரண்டு கோல் போட்டுவிட்டது. ஆர்செனல் ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, பதினேழாம் நிமிடத்தில் தூரத்தில் இருந்து ஒரு ஃப்ரீ கிக். சுவரைத் தாண்டி வலையின் மேல்பகுதிக்குப் போனது. அந்தக் கோல்தான் அணிக்கு உயிர் கொடுத்தது. பிறகு கொசியெல்னி சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் ராம்சே வெற்றிக் கோல் அடித்தார், 3-2. மறு ஆண்டு ஆஸ்டன் வில்லாவை 4-0 என்று வென்ற இறுதியாட்டத்தில் ஆட்டநாயகன் கஸோர்லா. ஆர்செனலுக்கு மொத்தம் 180 ஆட்டங்கள், 29 கோல்கள்.

2010 உலகக் கோப்பை வென்ற ஸ்பெயின் அணியில் இருந்தாரா?

இல்லை, பலர் இருந்ததாக நினைக்கிறார்கள். 2009-10 பருவம் முழுக்கக் காயங்கள் படுத்தின, அணியில் இடம் கிடைக்கவில்லை. 2008, 2012 யூரோ கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தார். 2008 காலிறுதியில் இத்தாலியோடு கோலில்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனபோது, வியாவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்து பந்தை உள்ளே போட்டவர் இவர். அப்போது வயது 23. இறுதியாட்டத்திலும் டேவிட் சில்வாவுக்குப் பதிலாக இறங்கினார். 2014 உலகக் கோப்பை அணியிலும் இருந்தார், அந்தத் தொடரில் ஸ்பெயின் முதல் சுற்றோடு வெளியேறியது. நாட்டுக்காக மொத்தம் 81 ஆட்டங்கள், 15 கோல்கள். ஜாவி, இனியெஸ்டா, ஃபாப்ரெகாஸ், சில்வா, சாபி அலோன்சோ என்று வரிசை கட்டி நின்ற காலத்தில் 81 என்பது சாதாரண எண் கிடையாது.

அந்தக் காயம் உண்மையில் என்ன?

தொடக்கம் 2013 செப்டம்பரில். ஜெனீவாவில் சிலி அணியோடு நட்பாட்டம். அதில் வலது கணுக்காலில் விழுந்த அடி ஒரு சிறு எலும்பில் கீறல் போட்டது. அதோடுதான் ஆடிக்கொண்டிருந்தார். உடம்பு சூடாக இருக்கும்வரை வலி தாங்கும், இடைவேளையில் உடம்பு ஆறியதும் அடுத்த பாதியில் அழும் அளவுக்கு வலிக்கும் என்று அவரே பின்னாளில் சொன்னார். மேலே சொன்ன இரண்டு கோப்பைகளும் சிட்டி ஆட்டமும் இந்த வலியோடு ஆடியவைதான். இதை நினைக்கும்போது அந்த ஆட்டங்களை முன்பு பார்த்ததுபோல் பார்க்க முடியவில்லை.

2015 நவம்பரில் நார்விச் ஆட்டத்தில் முழங்கால் அடிபட்டுப் பருவத்தின் பெரும்பகுதி போனது. 2016 அக்டோபர் 19 அன்று சாம்பியன்ஸ் லீக்கில் லுதோகோரெத்ஸை ஆர்செனல் 6-0 என்று வென்ற இரவில் கணுக்கால் முற்றாகக் கைவிட்டது. ஆர்செனலுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான்.

பிறகு அறுவை சிகிச்சை, அதன்மேல் அறுவை சிகிச்சை. தையல் போட்ட இடம் ஆறவே இல்லை. ஆறியது போலிருக்கும், மறுபடி பிரியும். உள்ளே கிருமி புகுந்து திசு அழுகத் தொடங்கியிருந்தது வெளியே தெரியவில்லை. தோட்டத்தில் மகனோடு நடக்க முடிந்தாலே திருப்திப்பட்டுக்கொள் என்று இங்கிலாந்தில் அவருக்குச் சொன்னார்கள். காலையே எடுக்க நேருமோ என்ற பயம் வரை போனது. 2017 மே மாதம் ஸ்பெயினின் விட்டோரியா நகரில் மருத்துவர் மிக்கெல் சான்செஸ் காலைத் திறந்து பார்த்தபோது, குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணில் எட்டு சென்டிமீட்டரைக் கிருமி தின்றிருந்தது. நடக்கவும் எம்பவும் ஓடவும் காலைத் தூக்கித் தருவதே அந்தத் தசைநாண்தான். அதைப் புனரமைத்து, புண்ணை மூடத் தோல் ஒட்டினார்கள்.

கையில் குத்தியிருந்த பச்சை கணுக்காலுக்கு வந்தது உண்மையா?

உண்மை. ஒட்டுவதற்கான தோலை இடது முன்கையில் இருந்து எடுத்தார்கள். அந்த இடத்தில் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். பெயரின் ஒரு துண்டு கையிலும் இன்னொரு துண்டு கணுக்காலிலுமாக ஆகிவிட்டது. படங்களில் அது தெளிவாகத் தெரியும்.

ஆட்டத்துக்கு எப்போது திரும்பினார்?

சலமான்காவில் குடும்பத்தை விட்டுத் தனியே தங்கி மாதக்கணக்கில் காலைப் பழக்கினார். 2018 கோடையில் ஆர்செனல் ஒப்பந்தம் முடிந்தது. கையில் ஒப்பந்தம் இல்லை, வயது 33. பழைய கிளப்பான வில்லாரியல், வந்து எங்களோடு பயிற்சி செய், கால் தாங்குகிறதா பார்ப்போம் என்றது. 2018 ஜூலையில் எர்குலெஸ் அணியோடு நடந்த நட்பாட்டத்தில் இறங்கினார். லுதோகோரெத்ஸ் ஆட்டத்துக்கும் அதற்கும் இடையே 636 நாட்கள். பிறகு ஒப்பந்தம் போட்டார்கள். அறிமுக நிகழ்ச்சியில் ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்து, புகை நிறைந்த கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து அவரைத் தோன்றவைத்தார்கள்.

மரியாதைக்காகக் கொடுத்த இடமாகத்தான் பலர் அதைப் பார்த்தார்கள். 2019-20 லீக்கில் 11 கோல் அடித்தார், 9 கோலுக்குப் பந்து கொடுத்தார், வில்லாரியல் ஐந்தாம் இடம் வந்தது. நடுவே 2019 ஜூனில் ஸ்பெயின் அணி திரும்ப அழைத்து ஃபரோ தீவுகளுக்கு எதிராக ஆடவைத்தது. 2015க்குப் பிறகு நாட்டுக்காக ஆடிய முதல் ஆட்டம் அது.

கத்தாருக்கு ஏன் போனார்?

2020இல் அல் சத் கிளப்பில் சேர்ந்தார், பயிற்சியாளர் பழைய ஸ்பெயின் தோழர் ஜாவி. இரண்டு லீக் பட்டங்கள் வென்றார். நல்ல சம்பளம், குறைந்த நெருக்கடி. 36 வயதை நெருங்கியவருக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒவியெடோ கிளப்பில் அவர் பங்கு வாங்கியிருந்தாரா?

ஆமாம். 2012 நவம்பரில் ஒவியெடோ மூன்றாம் அடுக்கில் கிடந்தது. சில வாரங்களுக்குள் பணம் திரட்டாவிட்டால் கிளப்பையே மூட வேண்டிய நிலை. ஒரு பங்கு 10.75 யூரோ என்று விற்பனைக்கு வைத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் வாங்கினார்கள். ஒவியெடோ எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத வெளிநாட்டு ரசிகர்களும் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். கஸோர்லா, மாட்டா, மிச்சு மூவரும் அப்போது இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள், மூவரும் பங்கு வாங்கினார்கள். கடைசியில் மெக்சிகோ தொழிலதிபர் கார்லோஸ் ஸ்லிமின் நிறுவனமும் பணம் போட, கிளப் பிழைத்தது.

2023இல் ஒவியெடோவுக்குத் திரும்பியபோது சம்பளமே வாங்காமல் ஆடினாரா?

சம்பளம் வேண்டாம் என்றுதான் சொன்னார். தொழில்முறை லீக்கின் விதி அதற்கு இடம் தரவில்லை, குறைந்தபட்சச் சம்பளமாவது கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டார். தன் பெயர் போட்ட சட்டை விற்பனையில் 10 சதவீதம் இளையோர் அணிக்குப் போக வேண்டும் என்று ஒரு கோரிக்கையும் வைத்தார். காசில்லாமல் தன்னை அனுப்பிவைத்த அதே இளையோர் அணிக்கு.

அலங்காரத்துக்காக வைத்திருந்தார்களா, உண்மையிலேயே பயன்பட்டாரா?

பயன்பட்டார். முழு ஆட்டம் ஓட முடியாது என்பது உண்மை. பல ஆட்டங்களில் பிற்பாதியில்தான் இறங்குவார். ஆனால் அவர் இறங்கியதும் பந்து அவர் காலைத் தேடிப் போகும். 2024 ஜூனில் ஏற்றத்துக்கான பிளே-ஆஃப் இறுதி வரை போய் எஸ்பான்யோலிடம் தோற்றார்கள். சொந்த ஊரில் 1-0 என்று வென்றுவிட்டு பார்சிலோனாவில் 0-2 என்று இழந்த தோல்வி அது. 39 வயதில் அந்த ஏமாற்றத்தோடு ஓய்வு பெற்றிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொரு ஆண்டு இருந்தார்.

2025இல் மறுபடி பிளே-ஆஃப். அரையிறுதியில் அல்மேரியாவைத் தாண்டினார்கள். இறுதியில் எதிரணி மிராண்டேஸ். முதல் ஆட்டத்தை அவர்கள் ஊரில் 0-1 என்று இழந்து, ஜூன் 21 அன்று தங்கள் சொந்த கார்லோஸ் தார்த்தியேரே மைதானத்துக்கு வந்தார்கள். மிராண்டேஸ்தான் முதலில் கோல் போட்டது. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து இரண்டு கோல் பின்தங்கிய நிலை, முழு நகரமும் அரங்கில். இடைவேளைக்கு முன் ஒரு பெனால்டி கிடைத்தது. பந்தை எடுத்து வைத்தவர் கஸோர்லா, நாற்பது வயதுக்காரர். உள்ளே போட்டார். பிற்பாதியில் இலியாஸ் சைரா ஒன்று, கூடுதல் நேரத்தில் போர்ட்டியோ ஒன்று. 3-1. இருபத்துநான்கு ஆண்டுக்குப் பிறகு ஒவியெடோ முதல் டிவிஷனில்.

2025-26க்கும் ஒப்பந்தத்தை நீட்டித்தார். முதல் டிவிஷனில் ஒவியெடோவின் முதல் ஆட்டமே வில்லாரியலோடு அமைந்தது.

இனியெஸ்டா, ஜாவிக்குச் சமமானவர் என்று சொல்லலாமா?

சாதனைப் பட்டியலை வைத்துப் பார்த்தால் சொல்ல முடியாது. அவருக்கு உலகக் கோப்பை இல்லை, ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லிகா பட்டம் இல்லை, சாம்பியன்ஸ் லீக் இல்லை. கால் வேலையை மட்டும் பார்த்தால் அந்த இருவரின் பக்கத்தில் தயங்காமல் நிறுத்துவேன். அவர்கள் ஒரே பெரிய அணியில், பழகிய ஆட்களோடு ஆடினார்கள். கஸோர்லா போன இடமெல்லாம் புதிய அணியை, பல சமயம் நொடித்துக்கொண்டிருந்த அணியை, நிமிர்த்த வேண்டியிருந்தது.

அவர் ஆட்டத்தைப் பார்க்க விரும்புகிறேன். எதில் தொடங்குவது?

கோல் தொகுப்புகளில் தொடங்காதீர்கள், அவர் ஆட்டம் அதில் பாதிகூடத் தெரியாது. 2015 ஜனவரி சிட்டி ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள், பந்து இல்லாதபோது அவர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். அடுத்து 2014 எஃப்.ஏ. கோப்பை இறுதியின் முதல் அரைமணி நேரம். அதன்பின் 2019 ஜனவரி 3, வில்லாரியல் – ரியல் மாட்ரிட், 2-2. வில்லாரியலின் இரண்டு கோலும் கஸோர்லாவுடையவை. ஆட்டம் முடியும் தறுவாயில் வந்த இரண்டாவது கோலைத் தலையால் அடித்தார். தோட்டத்தில் நடந்தாலே போதும் என்று சொல்லப்பட்ட காலால் எம்பிப் போய் அடித்த கோல். நேரம் குறைவு, ஒரே ஓர் ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள்.